கருகிய துணியில் இழையைக் கண்டறிவது: தடய ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எரிந்த துணி மேசைக்கு வந்ததும் புதியவர்களுக்குக் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும். நெசவியல் படித்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி, முடி கருகும் வாசனை வந்தால் பட்டு அல்லது கம்பளி, உருகிச் சொட்டினால் பாலியஸ்டர் என்ற பாடம் ஊறிப்போயிருக்கும். கடையில் சேலை வாங்கும்போது இது உதவும். தீ வழக்கில் உதவாது. மண்ணெண்ணெயும் தோலும் மெத்தைப் பஞ்சும் சேர்ந்து எரிந்த துணியில் எந்த வாசனையையும் நம்ப முடியாது. அக்ரிலிக் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும் என்பதால் முகர்ந்து பார்ப்பதே ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றச் சொத்தின் ஒரு பகுதியை நீங்களே சாம்பலாக்கியிருப்பீர்கள். குறுக்கு விசாரணையில் அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியது. இங்கு வரும் துணிகள் பெரும்பாலும் சேலை, உள்பாவாடை, நைட்டி, சுடிதார், லுங்கி, போர்வை, மெத்தை உறை. எல்லாப் படிகளுக்கும் அடியில் இரண்டே விதிகள் உள்ளன. எரியாமல் தப்பியதை முதலில் தேடுங்கள். மாதிரியைத் தின்னும் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

1. கேள்வியைத் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள்

"துணியை ஆய்வு செய்து அறிக்கை தரவும்" என்று மட்டும் எழுதி வரும் கடிதத்தை வைத்து வேலை தொடங்காதீர்கள். எரிந்த துணியிடம் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. இது என்ன இழை? இன்ன ஆடையின் துண்டுதானா? இதில் எரிபொருள் இருந்ததா? இதன் எரிந்த விதம் சொல்லப்பட்ட சம்பவத்தோடு பொருந்துகிறதா? நான்குக்கும் மாதிரி எடுக்கும் விதம் வேறு, வரிசை வேறு. எரிபொருள் கேள்வி இருந்தால் அதுதான் முதலில். டப்பாவைத் திறந்து துணியை மேசையில் பரப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய் தேடினால் ஆவி பறந்திருக்கும்.

விசாரணை அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிவைக்க வேண்டியவையும் உண்டு. தீயை எதால் அணைத்தார்கள்: தண்ணீரா, மண்ணா, போர்வையா, சாக்கா, தீயணைப்பான் பொடியா? ஆளுக்கு மருத்துவமனையில் என்ன களிம்பு போட்டார்கள்? இந்த இரண்டு பதில்களும் பின்னால் 8 ஆம் படியில் உங்களைக் காப்பாற்றும்.

2. துணியை எடுக்கும் இடத்தில்

பாதி வழக்குகள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. தீக்காயத்தோடு வருபவரின் ஆடையைக் கேஷுவால்டியில் கத்தரித்து எடுத்துக் கூடையில் போடுவார்கள். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அது நியாயம்தான். அந்தக் கூடை காலியாவதற்குள் போய் எடுக்க வேண்டும். கத்தரித்த ஓரம் எது, எரிந்த ஓரம் எது என்று அங்கேயே குறித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பிரேதப் பரிசோதனையில் தோலோடு ஒட்டி உறைந்த பிசின் போன்ற பொருளைச் சுரண்டிக் கழுவிவிடாமல், ஒட்டியிருக்கும் திட்டாகவே எடுத்துத் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். உருகிய பாலியஸ்டரும் நைலானும் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும்.

பொட்டலம் கட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. எரிபொருள் சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத, புதிய உலோகப் பெயின்ட் டப்பா, அல்லது உலோக மூடி போட்ட கண்ணாடி ஜாடி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி சேர மேலே இடம் வேண்டும். சாதாரண பாலித்தீன் கவர் கூடவே கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆவி அதன் சுவர் வழியே கசிந்துவிடும், பக்கத்துப் பொட்டலத்தின் ஆவி உள்ளேயும் வரும். தீத்தடயத்துக்கென்றே விற்கும் நைலான் பை இருந்தால் அது போதும். ஈரத்தோடு அடைத்த துணியில் நுண்ணுயிரிகள் பெருகி எண்ணெயைத் தின்னும் என்பதால் குளிரில் வையுங்கள். தண்ணீர் தேங்கிய கண்ணாடி ஜாடியை ஃப்ரீசரில் வைத்தால் வெடிக்கும். டப்பா என்றால் சில வாரங்களில் துருப்பிடிக்கும். ஆகவே எதில் அடைத்தாலும் ஆய்வகத்துக்கு உடனே அனுப்புவதே நல்லது.

எரிபொருள் கேள்வி இல்லையென்றால் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, கனமான அட்டைப் பெட்டியில் வையுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் உலர்ந்துவிடும். மின்விசிறி வேண்டாம், கருகிய துகள்கள் பறக்கும். நொறுங்கக்கூடிய துண்டுகளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சு வைத்துக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சு என்றாலே பருத்தி இழைதான். அப்படி வந்த பொட்டலத்தில் "பருத்தி கண்டறியப்பட்டது" என்று எழுத யாருக்கும் துணிவு வராது. வெண்ணெய்த்தாள் போதும்.

ஒப்பீட்டு மாதிரியை மறக்காதீர்கள். தீயை அணைக்கப் போர்த்திய போர்வை அல்லது சாக்கிலிருந்து ஒரு துண்டு. அதே ஆடையின் எரியாத பகுதி. சேலை முழுதும் போய்விட்டிருந்தால் பீரோவைத் திறந்து, அந்தச் சேலையோடு வந்த பிளவுஸ் துணியில் தைத்த ரவிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். சேலையின் உடலிலிருந்தே வெட்டிய துணி என்றால் அதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. சில சேலைகளில் பிளவுஸ் பகுதி வேறு நூலில் நெய்யப்பட்டிருக்கும். அதனால் அது எது என்பதைச் சரிபார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

3. காகித வேலை

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. புதியவர்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவுகள் சிலவே. 105, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. 176(3), ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைப் பற்றியது. 194, சந்தேக மரண விசாரணை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்த வழக்குகள் இதன் கீழ்தான் வரும், அவற்றில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் நடக்கும். 329, அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையைச் சான்றாக ஏற்பது பற்றியது. பழைய வழக்குகளின் கோப்பில் 194, 329 இல் உள்ள விஷயங்கள் முறையே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, 293 என்ற எண்களில் இருக்கும். குழம்ப வேண்டாம்.

துணி உங்களிடம் வரும் வழி இது: சாட்சிகள் கையெழுத்திட்ட மகஜர் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் தாள்), படிவம் 95 இல் நீதிமன்றத்தில் ஒப்படைப்பு, பிறகு நீதிமன்றக் கடிதத்தோடு ஆய்வகம். பொட்டலத்தை வாங்கும்போது மூன்றை ஒப்பிடுங்கள். மகஜரில் உள்ள வர்ணனை, படிவத்தில் உள்ள வர்ணனை, கையில் இருக்கும் பொருள். "எரிந்த நிலையில் பச்சை நிற நைலக்ஸ் சேலை" என்று மகஜர் சொல்லும். உள்ளே இருப்பது பருத்தியாக இருக்கும். காவலர் பேச்சு வழக்கில் எழுதிய துணிப் பெயரை உங்கள் அறிக்கையில் திரும்ப எழுதாதீர்கள். "பச்சை நிற, ஓரம் கருகிய நெய்த துணி" என்று கண்ணால் காண்பதை மட்டும் எழுதுங்கள். மாதிரி முத்திரையோடு பொட்டல முத்திரை பொருந்தவில்லை என்றால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். திறந்துவிட்டு விளக்கம் எழுதுவது பெரிய தலைவலி.

4. திறப்பதும் பிரிப்பதும்

எரிபொருள் கேள்வி இருந்தால் டப்பாவை முழுதாகத் திறக்காமல், செயலூட்டிய கரித் துண்டை உள்ளே தொங்கவிட்டு, மூடி, 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். 16 மணி நேரம் என்பது வழக்கம். மாலையில் வைத்தால் காலையில் எடுக்கலாம். பிறகு அந்தக் கரித் துண்டு, ஆவிக் கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவிக்குப் போகும், துணி உங்களுக்கு வரும். மண்ணெண்ணெய் சி9 முதல் சி16 வரை (மூலக்கூறில் 9 முதல் 16 கார்பன் அணுக்கள்) சீப்புப் பல் போல வரிசையான அல்கேன் சிகரங்களாகத் தெரியும். செயற்கை இழைகளும் மெத்தை நுரையும் வெந்து சிதையும்போது டொலுவீன், ஸ்டைரீன் போன்றவை வரும். அதைப் பெட்ரோல் என்று படித்துவிடுவது பழைய தவறு. எரிபொருள் படாத அதே துணியை எரித்து ஒப்பிடாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள்.

அடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, அளவுகோலோடு படம் எடுங்கள். துணியை ஐந்து நிலைகளாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்: பாதிக்கப்படாதது, பழுப்பேறியது, கருகியும் நெசவு தெரிவது, உருகி உறைந்தது, சாம்பல். ஒவ்வொரு நிலையிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று வரைபடத்தில் எண் போடுங்கள். பழுப்பு நிறத்தை வைத்து "இத்தனை டிகிரி வெப்பம் பட்டது" என்று கணக்குப் போடாதீர்கள். குறைந்த வெப்பம் நீண்ட நேரம் பட்டாலும் அதிக வெப்பம் கொஞ்ச நேரம் பட்டாலும் ஒரே பழுப்புதான்.

5. தப்பிய இழையைத் தேடுதல்

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 10 முதல் 40 மடங்கு. அரை நாள் ஒதுக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

தீ உள்ளே புகாத இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சேலையில் கொசுவம் செருகிய இடம் முதலிடம். ஆறேழு மடிப்பு, அதன் மேல் இறுக்கமான நாடா. காற்றே போகாத இடத்தில் தீ எப்படிப் போகும்? உள்பாவாடை நாடா முடிச்சின் உட்பகுதி, ரவிக்கையின் அக்குள், சட்டைக் காலரின் உள்மடிப்பு, பேன்ட் பை, பின் குத்திய இடம், ஃபால்ஸ் தைத்த ஓரம், உடலுக்கு அடியில் தரையோடு ஒட்டிய பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். முடிச்சை அவிழ்க்காதீர்கள். பக்கவாட்டில் வெட்டித் திறந்தால் முடிச்சின் வடிவமும் சான்றாக மிஞ்சும்.

இந்தப் படியில் பலரும் விழும் குழி தையல் நூல். பருத்திச் சட்டையானாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். தையல் வரிசையில் சின்னச் சின்னக் கறுப்பு மணிகள் உருண்டு நிற்பதைப் பார்த்துத் துணியே பாலியஸ்டர் என்று எழுதிவிடுவார்கள். மணிகள் நேர்கோட்டில், சம இடைவெளியில் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிள், பட்டன், எலாஸ்டிக், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், ஜிப் எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

இழை முனைகளைப் பாருங்கள். வெப்பத்தில் இளகும் இழைகளின் முனை உருண்டு குமிழாகும். பருத்தி உருகாது. அதன் முனை கறுத்து மெலிந்து முடியும். முழுதும் கரியான பருத்தியில்கூட நூலின் முறுக்கும் நெசவும் அப்படியே நிற்கும், தொட்டால்தான் நொறுங்கும். தொடும் முன்பே சென்டிமீட்டருக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடு என்று படத்திலிருந்து எண்ணிவிடுங்கள். கம்பளியும் பட்டும் வேறு மாதிரி: வெந்து உப்பி, உள்ளே காற்றுக் குமிழிகளோடு கறுத்து உறையும், அழுத்தினால் பொடியாகும். பாலியஸ்டர் மணி நகத்தால் நசுங்காது.

பாலியஸ்டர்-பருத்திக் கலப்புத் துணிதான் மிகவும் ஏமாற்றும். பாலியஸ்டர் உருகும், ஆனால் சொட்டி விழாது. எரியும் பருத்தி ஒரு சாரம் போல அதைத் தாங்கி நிற்கும். தனிப் பாலியஸ்டரைவிடக் கலப்புத் துணி மூர்க்கமாக எரிவதற்கு இதுதான் காரணம். மிச்சம், கரி பதிந்த கெட்டியான கறுப்பு ஓடு. உருகியதைக் கண்டு "பாலியஸ்டர்" என்று நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் பருத்தி கணக்கில் வராது. ஓட்டின் ஒரு துணுக்கைச் சூடான மெட்டா-கிரெசாலில் கரைத்துப் பாருங்கள். பாலியஸ்டர் கரைந்து, பருத்திக் கரியின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும்.

6. நுண்ணோக்கியும் அகச்சிவப்பும்

புகைக்கரியை நீக்க ஐசோபுரொப்பனாலில் சில நொடி அலசினால் போதும். அசிட்டோனைத் தொடாதீர்கள், இழை அசிட்டேட்டாக இருந்தால் உங்கள் கண்முன்னே கரைந்து போகும்.

100 முதல் 400 மடங்கில் பருத்தி, முறுக்கிய நாடா போலத் தெரியும். மெர்சரைஸ் செய்த (காரத்தில் பதப்படுத்திய) பருத்தியில் அந்த முறுக்கு பெரும்பாலும் மறைந்து உருளையாகும். விஸ்கோஸில் நீளவாக்கில் கோடுகள், கம்பளியில் செதில்கள். முனைவாக்கிய ஒளியில் இரட்டை ஒளிவிலகலை (இழையின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ள ஒளிவிலகல் எண்களின் வித்தியாசத்தை) அளந்தால் செயற்கை இழைகள் பிரிந்துவிடும்: பாலியஸ்டர் 0.15 ஐ ஒட்டி அல்லது மேல், நைலான் 0.06 ஐ ஒட்டி, பாலிப்ரொப்பிலீன் 0.03 ஐ ஒட்டி, அக்ரிலிக் கிட்டத்தட்ட பூஜ்யம், அதுவும் எதிர்க்குறியில்.

இந்த எண்களைப் பாதிக்கப்படாத இழையில் மட்டும் நம்புங்கள். இழையை நூற்கும்போது இழுத்து வரிசைப்படுத்திய மூலக்கூறுகள் வெப்பம் பட்டால் தளர்ந்துவிடும். இழை சுருங்கும், இரட்டை ஒளிவிலகல் இறங்கும். பாதி வெந்த பாலியஸ்டர் நைலானைப் போன்ற எண்ணைக் காட்டக்கூடும். உருகி உறைந்த மணியில் அளப்பதற்கு எதுவுமே இருக்காது. புதியவர்களின் அறிக்கை கருவிச் சோதனையோடு முரண்படுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

அகச்சிவப்பு, அதாவது எஃப்டிஐஆர், வேறு கதை. அது இழையின் வடிவத்தைக் கேட்பதில்லை, வேதிப் பிணைப்பைத்தான் கேட்கும். அதனால் உருகிய மணியிலும் வேலை செய்யும். மணியின் வெளித்தோலில் வெறும் கரி. கத்தியால் பிளந்து, உள்ளே நிறம் மாறாத பகுதியிலிருந்து ஒரு சீவலை எடுத்து உருளையால் தட்டையாக்குங்கள். கறுத்த மாதிரிக்கு ஜெர்மேனியம் படிக ஏடிஆர் (மாதிரியைப் படிகத்தின்மேல் அழுத்திப் படிக்கும் முறை) நல்லது. ஆனால் கெட்டி மணியை அப்படியே அதன்மேல் அழுத்தினால் படிகம் விரிசல் விடும், மாற்றும் செலவு சின்னதல்ல. 4 செ.மீ.⁻¹ பிரிதிறன், 64 ஸ்கேன், குறைந்தது மூன்று இடங்கள். ஓர் இடத்துக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகும்.

படிக்க வேண்டிய சிகரங்கள் (செ.மீ.⁻¹ அலகில்): பாலியஸ்டருக்கு 1715-1720, 1240, 725. நைலானுக்கு 3300, 1640, 1540. அக்ரிலிக்குக்கு 2240 இல் ஒற்றை நைட்ரைல் சிகரம். பாலிப்ரொப்பிலீனுக்கு 2950-2840 கூட்டமும் 1455, 1377 உம். பருத்திக்கு 3300 இல் அகன்ற மேடும் 1000-1150 பகுதியில் அடர்ந்த கூட்டமும். அக்ரிலிக் வெந்தால் நைட்ரைல் வளையமாக மூடிக்கொள்ளும். 2240 சிறுத்து 1590 அருகே புதிதாக ஒன்று வளரும். 2240 பலவீனமாக இருக்கிறது என்று அக்ரிலிக்கை நிராகரிக்காதீர்கள். பருத்தி கரியாகும்போது தன் சிகரங்களை இழந்து 1700, 1600 அருகே புதியவற்றைக் காட்டும். 1700 ஐ அவசரத்தில் பாலியஸ்டர் என்று படிக்க வேண்டாம், கூடவே 725 இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மனித உடலில் எரிந்த துணிக்கே உரிய கண்ணி. தோல் என்பது புரதம். துணியோடு வெந்து ஒட்டிய தோல் 1650, 1540 அருகே அமைடு சிகரங்களைத் தரும். பட்டும் கம்பளியும் தருவது அதே சிகரங்கள், நைலானும் ஏறக்குறைய அதே. உருகிய கொழுப்பு 1745 இல் எஸ்டர் சிகரம் காட்டும், அது பாலியஸ்டரின் 1720 க்குப் பக்கத்து வீடு. ஆகவே அமைடு கண்ட எந்த இடத்திலும் இழை வடிவத்தைக் கண்ணால் காணாமல் "பட்டு" என்றோ "நைலான்" என்றோ முடிவு சொல்லக் கூடாது. சுவர்ச் சுண்ணாம்பும் துணியில் ஒட்டி வரும்: 1420, 875.

இன்னொன்று, பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் செல்லுலோஸ். அகச்சிவப்பில் இவற்றை நம்பிக்கையோடு பிரிக்க முடியாது. வடிவம்தான் பிரிக்கும். வடிவம் கிடைக்கவில்லை என்றால் "செல்லுலோஸ் வகை இழை" என்று நிறுத்துங்கள்.

7. கரைத்தலும் உருக்குதலும்

ஒரே ஓர் இழை, 5 மில்லிமீட்டர் போதும். கண்ணாடித் தகட்டில் வைத்து மூடித் தகடு போட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். அசிட்டோனில் அசிட்டேட் கரையும். 85 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் நைலான், அசிட்டேட். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கம்பளியும் பட்டும். 70-75 சதவீத கந்தக அமிலத்தில் பருத்தியும் விஸ்கோஸும், அவற்றோடு வேறு சிலவும். சூடான டைமெத்தில் ஃபார்மமைடில் அக்ரிலிக். சூடான மெட்டா-கிரெசாலில் பாலியஸ்டர். இந்திய தரநிலை ஐஎஸ் 667 இந்த வேலைக்கானதுதான், அறிக்கையில் அந்த எண்ணைக் குறிப்பிடலாம். ஆனால் அது எரியாத துணிக்கு எழுதப்பட்டது. வெந்த இழை குறுக்குப் பிணைப்பாகிக் கரைய மறுக்கும். கரைந்தால் அது தகவல். கரையவில்லை என்பது தகவலே அல்ல.

சூட்டு மேடையில் நைலான் 6 சுமார் 220 டிகிரியிலும், நைலான் 6,6 சுமார் 260 இலும், பாலியஸ்டர் 250-260 இலும், பாலிப்ரொப்பிலீன் 160-165 இலும் உருகும். கடைசி 20 டிகிரிக்கு நிமிடத்துக்கு 1-2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வெந்து சிதைந்த மாதிரி கொஞ்சம் கீழேயே, பரவலாக உருகும், பயப்பட வேண்டாம். பாலிப்ரொப்பிலீனுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அதன் அடர்த்தி 0.91, சுத்தமான துணுக்கு தண்ணீரில் மிதக்கும். ஒட்டிய மண்ணும் உள்ளே சிக்கிய காற்றும் இந்தச் சோதனையைக் கெடுக்கும்.

8. ஜரிகையும் தனிமங்களும்

எல்லாம் சாம்பலான பட்டுச் சேலையிலும் ஜரிகை மிஞ்சும். வெள்ளி 961 டிகிரியிலும் செம்பு 1085 இலும்தான் உருகும். அசல் காஞ்சிபுர ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். மலிவு ஜரிகையில் செம்பு இருக்கும், அதைவிட மலிவில் உலோகம் பூசிய பாலியஸ்டர் படலம். அது உருகிச் சுருண்டுவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த இடிஎக்ஸ் (தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) இதை அரை மணியில் சொல்லும். மகஜரில் "பட்டுச் சேலை" என்று இருப்பதைச் சோதிக்க இது நல்ல வழி. ஆனால் ஜரிகை அசல் என்பதால் உடல் துணியும் பட்டு என்று ஆகிவிடாது.

இங்கே கண்ணிகள் மூன்று. ஒன்று: மாதிரி மின்னேற்றம் கொள்ளாதிருக்கத் தங்கம் பூசிவிட்டுத் தங்கம் தேடுவது. கார்பன் பூசுங்கள், அல்லது குறை வெற்றிட முறையில் பூச்சே இல்லாமல் பாருங்கள். இரண்டு: தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பில் சில்வர் சல்ஃபாடயசின் இருக்கும். மருத்துவமனையிலிருந்து வந்த துணியில் அந்த வெள்ளியும் கந்தகமும் சிகரமாக வரலாம். கந்தகத்தை வைத்துக் கம்பளியையும் பட்டையும் பிரிக்க நினைத்தால் (கம்பளியில் கந்தகம் உண்டு, பட்டில் இல்லாத அளவு குறைவு) அந்தக் கணக்கும் கெட்டுப்போகும். மூன்று: பாஸ்பரஸ். தீத்தடுப்பு செய்த பருத்தியில் பாஸ்பரஸ் இருக்கும். ஏபிசி வகைத் தீயணைப்பான் பொடியும் அம்மோனியம் பாஸ்பேட்தான். தண்ணீரில் அலசிய பிறகும் பாஸ்பரஸ் நின்றால்தான் துணியின் பதனம் பற்றி யோசிக்கலாம்.

9. பைராலிசிஸ் ஜிசி-எம்எஸ்

இது கடைசி: மாதிரியைச் சூட்டில் சிதைத்து, வரும் ஆவியை ஜிசி-எம்எஸ்ஸில் படிப்பது. 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே தின்னும், ஆனால் தின்றது திரும்பாது. ஓர் ஓட்டத்துக்கு 30-45 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெற்று ஓட்டம். நைலான் 6 கேப்ரோலாக்டமையும், நைலான் 6,6 சைக்ளோபென்டனோனையும், செல்லுலோஸ் லெவோகுளுகோசனையும் தரும். பாலியஸ்டரில் பென்சாயிக் அமிலமும் வினைல் பென்சோயேட்டும் வரும். அகச்சிவப்பில் தோலா, நைலானா என்று சிக்கிக்கொண்டால் இது ஒரே ஓட்டத்தில் தீர்க்கும். முழுக்கக் கரியானதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

10. ஒப்பீட்டுத் தொகுப்பும் செலவும்

கட்பீஸ் கடையில் லேபிளோடு பருத்தி, பாலியஸ்டர், கலப்பு, விஸ்கோஸ், நைலான், பட்டு என்று சிறு துண்டுகள் வாங்குங்கள். பட்டைத் தவிர மற்றவை சில நூறு ரூபாய்க்குள் முடியும். லேபிளை நம்பாமல் முதலில் நீங்களே சோதியுங்கள், பிறகு புகைப்போக்கி அடுப்பில் எரியுங்கள். ஒரு பாதியைத் தண்ணீரால் அணையுங்கள், இன்னொரு பாதி தானாக அணையட்டும். இரண்டும் வேறு வேறு எச்சம் தரும். சட்டென்று குளிர்ந்த பாலியஸ்டர் படிகமாக நேரமின்றிக் கண்ணாடி போல உறையும், மெதுவாகக் குளிர்ந்தது மங்கலாகும். டிஎஸ்சி கருவியில் (சூடேற்றும்போது மாதிரி வெப்பத்தை உள்வாங்குவதையும் வெளிவிடுவதையும் அளப்பது) வைத்தால் முன்னது 120-130 டிகிரியில் படிகமாகும் சிகரத்தையும் காட்டிவிட்டுப் பிறகுதான் உருகும். இந்தச் சோதனைக்கு 3-5 மில்லிகிராம் வேண்டும் என்பதால் வழக்கு மாதிரியில் அரிதாகவே செய்ய முடியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆவிச் சோதனைக்கு ஓர் இரவு, பிரிப்புக்கும் தேடலுக்கும் ஒரு நாள், நுண்ணோக்கிக்கும் அகச்சிவப்புக்கும் ஒரு நாள், மீதிச் சோதனைகளுக்கும் எழுத்துக்கும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருக்கும் காலம் தனி.

11. அறிக்கை எழுதும்போது

"சேலை பாலியஸ்டர்" என்று எழுதாதீர்கள். "பொருள் 2 இல், இடுப்புப் பகுதியிலிருந்து எடுத்த மாதிரிகளில் பாலியஸ்டர் இழை கண்டறியப்பட்டது" என்று எழுதுங்கள். ஒப்பீட்டில் "அதே துணி" வேண்டாம். "இழை வகை, நிறம், நெசவு எண்ணிக்கை ஆகியவற்றில் ஒத்திருக்கிறது" என்பதே நிற்கும். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி நெய்யப்படும் துணியில் அதற்கு மேல் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை. எந்தச் சோதனையை எந்த நிலை மாதிரியில் செய்தீர்கள் என்பதை அட்டவணையாக இணையுங்கள். எதுவும் கிடைக்காதபோது "மேலும் ஆய்வுக்குப் போதிய மாற்றமடையாத இழை இல்லை" என்று எழுதலாம். அதை "இழை இல்லை" என்று சுருக்கினால் வழக்கின் பொருளே மாறிவிடும்.

மிச்ச மாதிரியை எடையோடு குறித்து, உங்கள் முத்திரையில் தனிப் பொட்டலமாகக் கட்டி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். நுண்ணோக்கித் தகடுகளையும் பிளந்த மணியின் மறுபாதியையும் அதோடு சேர்க்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுஆய்வு கேட்டால் அந்த மறுபாதிதான் கேட்கப்படும்.